பிவ்புரி அருவியில் அரை நாள் குளியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை தணியும் நாட்களில் மும்பைத் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு பயணம் இது. அதிகாலை லோக்கலில் கிளம்பி, கர்ஜத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் பிவ்புரி ரோட்டில் இறங்கி, ஆஷாணே கிராமத்துப் பக்கம் இருக்கும் அருவிக்குப் போய் நீந்திவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறோம். வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவர் வருவார். தண்ணீரில் இருப்பவர்கள் மேல் கண் வைக்க எங்களில் இருவர் நனையாமல் கரையில் நிற்போம். ஒரு தடவைக்கு 12 பேர்தான்.

ஜூலையில்தானே அருவி நன்றாகக் கொட்டும்? செப்டம்பர் கடைசி வரை ஏன் இழுக்கிறீர்கள்?

நன்றாகக் கொட்டுவதால்தான். மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்கி அக்டோபர் 8 வாக்கில் விலகும். நடுவில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும், அருவிக்கு மேலே இருக்கும் மாதேரான் மலைமேல் பேய் மழை. செங்குத்தான பாறைச் சரிவு என்பதால் தண்ணீர் எங்கும் தங்காமல் அப்படியே இறங்கிவிடும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, மேலே ஒரு கனமழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். அந்த நாட்களில் அருவியைப் பார்க்கலாம், நீந்த முடியாது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் தண்ணீர் மெலிந்து தெளிந்துவிடும், கீழே கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியும். போட்டோவுக்கு ஜூலை, குளியலுக்கு அக்டோபர். எங்களுக்கு வேண்டியது குளியல்.

அங்கே தடை உத்தரவு என்கிறார்களே?

உண்மைதான். ராய்கட் மாவட்டத்தில் மழைக்காலம் தொடங்கியதும் அருவி, அணைப் பகுதிகளுக்குப் போகத் தடை போடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. முன்பு 144 என்று சொல்வோம். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபின் அது பிரிவு 163. தண்ணீரில் இறங்குவது, விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பது, அங்கே குடிப்பது எல்லாம் அதில் அடக்கம். மீறினால் வழக்குப் பதிவாகும்.

உத்தரவு அமலில் இருக்கும்வரை நாங்கள் போவதில்லை. "யாரும் பார்க்க மாட்டார்கள், ஊருக்குப் பின்பக்கமாகப் போய்விடலாம்" என்று ஆண்டுக்கு ஒருவராவது சொல்கிறார். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலா புஷி அணைக்கு மேலே இருக்கும் அருவியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடு ஓடையில் நிற்கும் அந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கரை சில அடி தூரத்தில்தான் இருந்தது.

நான் தென்காசிக்காரன், குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவன். எனக்கும் வழிகாட்டி வேண்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. தாராவியிலும் சயானிலும் பாதிப் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் என்பதால் ஆச்சரியமில்லை. ஆனால் குற்றாலத்தில் உங்களைக் காப்பாற்றியது உங்கள் அனுபவம் மட்டுமா என்று யோசியுங்கள். பேரருவியில் மேலிருந்து விழும் தண்ணீர் நேராக உங்கள் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் உடைந்து, அப்புறம்தான் கீழே வருகிறது. நிற்கச் சமதளம் இருக்கிறது, பிடிக்கக் கம்பி இருக்கிறது, தண்ணீர் மிஞ்சினால் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியே அனுப்புகிறது. இத்தனை இருந்தும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான்.

இங்கே கம்பியும் கிடையாது, விசிலும் கிடையாது. அந்த விசிலுக்குப் பதிலாகத்தான் வழிகாட்டி. வழி காட்டுவது அவருக்கு இரண்டாவது வேலை. ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு யாரிடம் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கும், அதை நாங்கள் கேட்டுக்கொள்வதற்கும்தான் அவருக்குக் காசு கொடுக்கிறோம். மேலே எந்தப் பக்கம் கறுத்தால் ஓடையில் தண்ணீர் ஏறும், போன மாதம் இருந்த பாறை எங்கே உருண்டு கிடக்கிறது, எந்த மடுவில் மணல் போய் ஆழமாகிவிட்டது, எல்லாம் மழைக்காலம் முழுக்க அங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும்.

அவ்வளவு தூரம் போய் அரை நாள்தானா? முழு நாளாக வைக்கக்கூடாதா?

கூடாது. மழை விலகும் சமயத்தில் காலை வெளுப்பாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் புழுங்கும், மாலையில் இடி மின்னலோடு கொட்டும். மாதேரான் உச்சியில் மழை பெய்வது கீழே வெயிலில் இருப்பவனுக்குத் தெரியாது. அதனால் காலை 10 மணிக்குத் தண்ணீரை விட்டு எல்லோரும் வெளியே. "இன்னும் பத்து நிமிஷம்" கிடையாது.

இன்னொரு காரணம் ரயில். பராமரிப்புக்காக லோக்கல் வண்டிகளைக் குறைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தவரை சனிக்கிழமையே வைத்துக்கொள்கிறோம்.

எங்கே ஏறுவது?

சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரும் கர்ஜத் லோக்கல். காலை ஐந்தரை மணி வாக்கில் தாதரைத் தாண்டும் வண்டியைப் பார்த்துக்கொள்கிறோம். எந்த வண்டி, எந்தப் பெட்டி என்பது முதல் நாள் மாலை குழுவில் வரும். தாராவிக்காரர்களுக்கு சயானை விட தாதர் நல்லது, ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்கும். செம்பூர், மான்குர்த் பக்கம் என்றால் குர்லாவில் மாறுங்கள். வாஷி, நெரூல்காரர்கள் தாணே வந்துவிடலாம். டோம்பிவிலி, கல்யாணில் ஏறுகிறவர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் தூங்கலாம், கொடுத்து வைத்தவர்கள்.

தாதரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பத்லாபூரைத் தாண்டியதும் ஜன்னல் ஓரம் பச்சையாகிவிடும். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பாஸில் எந்த ஸ்டேஷன் வரை இருக்கிறதோ அதுவரைதான் செல்லும். மீதித் தூரத்துக்கு டிக்கெட் எடுங்கள். நேரலில் இறங்கிவிடாதீர்கள், அடுத்தது பிவ்புரி ரோடு. தூங்கிப்போனால் கர்ஜத்தில் முழிப்பீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு நடை?

மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். பாதி தூரம் வயல் வரப்பு. அந்தச் சமயத்தில் நெல் கதிர் விட்டிருக்கும், சில இடத்தில் அறுப்பே தொடங்கியிருக்கும். வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். வரப்பு நனைந்து இளகியிருப்பதால் ஓரத்தை மிதித்தால் சரிந்து வயலில் இறங்கும். பக்கத்தில் பக்கத்தில் நடந்து பேசிக்கொண்டே போவது மெரைன் டிரைவோடு இருக்கட்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், கயிறு கட்டியிருக்கும் எல்லைக்கு உள்ளேதான். ஜாக்கெட் எங்களிடம் இருக்கிறது. தோளில் மாட்டிவிட்டால் போதாது, கால் இடுக்கில் வரும் பட்டையையும் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். கூச்சமாக இருக்கிறது என்று அந்தப் பட்டையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கரையில் ஒவ்வொருவருடைய ஜாக்கெட்டையும் தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்ப்போம். காது வரை ஏறினால் மறுபடி கட்டுவோம்.

கற்றுக்கொண்டு வர விரும்பினால், தாதர் சிவாஜி பார்க் பக்கத்திலும் செம்பூரிலும் மாநகராட்சி நீச்சல் குளங்கள் இருக்கின்றன. இப்போது தொடங்கினால் அடுத்த சீசனுக்குத் தயாராகிவிடலாம்.

நான் குளத்தில் நிற்காமல் இருபது முறை போய்வருவேன். அருவிக்கு நேர் அடியில் போகலாம் அல்லவா?

நன்றாக நீந்துகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். தெரியாதவர் கரையோரம் இருந்துவிடுவார்.

அருவி விழும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்திருக்கும். வெள்ளை என்றால் காற்று. காற்று கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது. கை வீசினால் பிடிப்பே கிடைக்காது. விழுகிற தண்ணீர் அடிவரை போய், சற்றுத் தள்ளி மேலே எழும்பி, மேற்பரப்பில் திரும்ப அருவியை நோக்கியே வரும். அதாவது மேலே மிதக்கும் ஆளை அது உள்ளேதான் இழுக்கும். ஒரு காய்ந்த இலையைப் போட்டுக் காட்டுவோம். அது அருவிக்குப் போகும், அமுங்கும், கொஞ்சம் தள்ளி எழும்பும், மறுபடி அருவிக்கே போகும். இரண்டு மூன்று சுற்று பார்த்தபின் பெரும்பாலும் யாரும் வாதாடுவதில்லை.

மேலிருந்து கல்லும் வரும். ஒரு கைப்பிடிக் கல் போதும். ஆகையால் வெள்ளைத் தண்ணீருக்கு ஐந்தாறு மீட்டர் இப்பால் எல்லை. பச்சையாகத் தெரியும் மடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் நீந்துங்கள். பாறையிலிருந்து குதிப்பதும் தலைகீழாகப் பாய்வதும் கிடையாது. போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் பாறை உருண்டு கிடக்கலாம்.

தண்ணீர் திடீரென்று ஏறினால் எப்படித் தெரியும்?

முதலில் வருவது குப்பை. சுள்ளி, சருகு, நுரை. அடுத்து நிறம் மாறும், தெளிந்த தண்ணீர் டீ நிறமாகும். கூடவே சத்தம் கனக்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே வெளியேறும் நேரம் வந்துவிட்டது. மூன்றும் சேரக் காத்திருக்க வேண்டாம்.

போனவுடன் எங்கள் முதல் வேலை, தண்ணீர் தொடும் இடத்தில் பாறைமேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் போய்ப் பார்ப்பார். கோடு நனைந்திருந்தால் விசில். ஒரு நீள விசில் என்றால் நின்று கரையைப் பாருங்கள். மூன்று குட்டை விசில் என்றால் செருப்பு, பை, போன் எதையும் எடுக்காமல், ஊர்ப்பக்கக் கரையில் ஏறி மேட்டுக்குப் போங்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாதீர்கள். முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்க்கும். மேட்டில் உட்காருங்கள். இந்தச் சின்ன ஓடைகள் ஏறுவதைப் போலவே மழை விட்டதும் இறங்கவும் செய்யும். இரண்டு மூன்று மணி நேரம் பசியோடு உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

யாராவது முங்கினால் குதிக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். முங்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாயும், சத்தமே வராது. கரையில் மிதவைக் கயிறு இருக்கும். அதை வீசும் வேலை எங்களுடையது. நீங்கள் கூப்பிடுங்கள், கை நீட்டி ஆளைக் காட்டிக்கொண்டே இருங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

அருவி என்றாலே நல்லெண்ணெய் ஞாபகம் வருகிறவர்கள் நாம், புரிகிறது. ஆனால் வேண்டாம். பாசி படிந்த பாறையில் எண்ணெய்க் காலோடு நடப்பதை நினைத்துப் பாருங்கள். கீழே இதே தண்ணீரில் ஊர்க்காரர்கள் துணி துவைக்கிறார்கள், மாடு குடிக்கிறது, கடைசியில் உல்ஹாஸ் ஆற்றில் போய்ச் சேருகிறது. குற்றாலத்திலேயே சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது. எண்ணெய்க் குளியலை தீபாவளிக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது? பெண்களுக்கு மாற்றுடைக்கு இடம் உண்டா?

உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் காயும் துணி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். புடவையும் துப்பட்டாவும் தண்ணீருக்குள் வேண்டாம். சங்கிலி, வளையலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காலுக்கு, பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்பு. மழைக்கு நம்மூர்க் கடைகளில் விற்கும் சாதா பிளாஸ்டிக் செருப்பு பாசியில் சறுக்கும்.

உடை மாற்ற ஊரில் ஒரு வீட்டில் அறை ஏற்பாடு செய்திருக்கிறோம். அருவியருகே மறைவு கிடையாது, அதனால் குளியல் உடையை உள்ளே போட்டுக்கொண்டே வருவது வசதி. பெண்கள் கேட்கும் மறு கேள்வி, அங்கே வேறு கும்பல் இருக்குமா என்பது. காலை 8 மணிக்கு அநேகமாக நாம் மட்டும்தான். குடித்துவிட்டு வரும் கும்பல் மதியம் வரும், அதற்குள் நாம் கிளம்பிவிடுவோம். கரையில் நிற்கும் இருவரில் ஒருவர் எப்போதும் பெண்.

குழந்தைகள், வயதானவர்கள்?

10 வயதுக்குக் கீழே கூட்டி வராதீர்கள். அதற்கு மேல், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கைக்கு எட்டும் தூரத்தில். அப்பா ஒருவர் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்பது இங்கே ஆகாது. தாத்தா பாட்டிகளுக்கு வயதுத் தடை இல்லை, வரப்பிலும் கல்லிலும் நடக்க முடிய வேண்டும். வலிப்பு, இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு எங்களிடமும் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல் வருமா?

மழைக்காலத் தண்ணீர் எதிலும் அந்தப் பயம் உண்டு. எலி மட்டுமல்ல, ஆடு மாடுகளின் சிறுநீர் வழியாகவும் அந்தக் கிருமி வரும். காயம், வெட்டு, சேற்றுப்புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். அருவித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். போய்வந்து ஒரு மாதத்துக்குள், முக்கியமாக முதல் இரண்டு வாரத்தில், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "ஓடையில் குளித்தேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று குரோசின் போட்டுக்கொண்டு மூன்று நாள் கடத்தாதீர்கள்.

பாம்பு?

வயல்வெளி, இருக்கும். பார்த்துக் கால் வையுங்கள். கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ இல்லை. கடிபட்ட இடத்தை அசைக்காமல் கர்ஜத் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவோம். ஆம்புலன்ஸுக்கு 108.

உல்ஹாஸ் ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது? அகலமான ஆற்றில் நீந்தினால் இன்னும் நன்றாக இருக்குமே?

அந்த ஆறு மழையை மட்டும் நம்பி ஓடுவதல்ல. மலைமேல் இருக்கும் டாடா அணைத் தண்ணீர் பிவ்புரி மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்தபின் உல்ஹாஸில்தான் இறங்குகிறது. வானம் வெளுத்திருந்தாலும் மின்நிலையம் ஓடினால் ஆறு ஏறும். தெற்கே கோலாடில் குண்டலிகா ஆற்றில் படகு விடுகிறவர்கள், பிரா மின்நிலையம் தண்ணீர் விடும் நேரத்தை வைத்தே கடை நடத்துகிறார்கள். படகுக்கு அது வசதி, நீந்துகிறவனுக்கு இல்லை.

சாப்பாடு?

ஊரில் ஒரு வீட்டில் போஹா, டீ. சொல்லிவைத்தால் அரிசி பாக்ரியும் (அரிசி மாவு ரொட்டி) பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) சுடச்சுடக் கிடைக்கும், தண்ணீரிலிருந்து நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும். ஆனாலும் யாராவது ஒரு தூக்குவாளியில் புளியோதரை கொண்டுவருவது தவறுவதில்லை, தடுப்பதும் இல்லை. குளித்து முடித்தபின்தான் சாப்பாடு. காலையில் ரயிலில் ஒரு வாழைப்பழம், பிஸ்கட் போதும். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் வேண்டாம். கொண்டுபோன உறை எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும்.

பீர்?

இல்லை.

ரீல்ஸ் எடுக்கலாமா?

கரையில் நின்று எடுங்கள். தண்ணீருக்குள் போன் கொண்டுபோக வேண்டாம், அருவியின் தலைப்புக்கு யாரும் ஏற வேண்டாம். பின்னால் நகர்ந்து நகர்ந்து படம் எடுக்கிறவர்களைக் கரைக்காரர் சட்டையைப் பிடித்து இழுப்பார், கோபப்படாதீர்கள்.

எவ்வளவு காசு? மழை வந்து ரத்தானால்?

ஆளுக்கு 450 ரூபாய். வழிகாட்டி, ஜாக்கெட், அறை, காலை உணவு சேர்த்து. ரயில் டிக்கெட் உங்களுடையது.

முதல் நாள் மாலை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்ப்போம். மும்பைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தேவையில்லை, ராய்கட்டுக்கு என்ன என்பதுதான். ஆரஞ்சு, சிவப்பு என்றால் ரத்து, முழுப் பணமும் திரும்பும். மஞ்சள் என்றால் காலை 4 மணிக்கு ஊர்க்காரரிடம் பேசிவிட்டுச் சொல்வோம். அங்கே போய்ச் சேர்ந்தபின் தண்ணீர் கலங்கியிருந்தால் இறங்காமல் போஹா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அப்போது பணம் திரும்பாது, ஏனென்றால் வழிகாட்டி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். இந்த ஒரு விதியில் மனத்தாங்கல் வந்ததுண்டு. முன்பே படித்துவிட்டு வாருங்கள்.

பெயர் கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

வயது, ஏறும் ஸ்டேஷன், நீச்சல் எவ்வளவு தெரியும், உட்கொள்ளும் மருந்து, வீட்டில் ஒருவருடைய போன் எண். நீச்சலைப் பற்றிக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆழம் குறைந்த மடுவில் முதலில் எல்லோரையும் ஒரு சுற்று நீந்தவிட்டுப் பார்ப்போம், அதில் தெரிந்துவிடும். கண்ணாடி இல்லாமல் கரை தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள், கயிற்றுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டு வைப்போம்.